அரிப்பு அடங்கிய பிறகும் இமை கொட்டுவது ஏன்?

ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் காரைக்குடிப் பக்கத்து வீடொன்றைக் கல்யாணத்துக்காகத் திறந்து, இரண்டாம் கட்டு அறையில் அடுக்கிக் கிடக்கும் சமுக்காளங்களை வளவில் போட்டு உதறும்போது, முதலில் தும்முவது பெரும்பாலும் பிள்ளைகள்தாம். ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு அன்று கண் சிவந்து அரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொட்டு மருந்தில் சிவப்பும் அரிப்பும் அடங்கி, வீட்டையும் பூட்டி ஊர் திரும்பிய பிறகும், இமைகளை இறுக்கிக் கொட்டுவது மட்டும் அவனிடம் நிற்பதில்லை. “கண்ணைக் கொட்டாதேடா” என்று அப்பத்தா அதட்டினால் அரை நிமிடம் நிற்கும். பிறகு முன்னைவிட வேகமாக வரும்.

திடீரென்று, ஒரே மாதிரியாக, திரும்பத் திரும்ப வரும் இத்தகைய அசைவையோ ஒலியையோ மருத்துவர்கள் ‘டிக்’ என்கிறார்கள். பெரும்பாலும் 5 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில் தொடங்கும் டிக்குகள் பல பிள்ளைகளிடம் ஓராண்டுக்குள் மறைந்துவிடும். அசைவு டிக்குகள் பலவும், குரல் டிக் ஒன்றாவதும் சேர்ந்து, ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அது டூரெட் நோய்க்குறி. 1885-இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ழில் த லா டூரெட்டின் பெயரால் வழங்குவது.

மெத்தையிலும் விரிப்பிலும் வாழும் டஸ்ட் மைட் என்னும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளின் எச்சத்தில் உள்ள புரதங்களை ஒவ்வாமை உள்ள உடல் எதிரியாக நினைத்து, அவற்றுக்கென ஐஜிஇ எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்திருக்கும். அடுத்த முறை அதே தூசி படும்போது மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை உமிழ, கண் அரிக்கிறது. கண்ணைக் கொட்டினால் சற்றே இதமாக இருக்கிறது. உறுத்தல், அசைவு, இதம் என்ற இந்த வரிசையைப் பழக்கமாக்கிப் பதித்துவைப்பது, மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்க்லியா என்னும் நரம்பணுத் திரள்களின் வேலை. டிக்குகள் பிறப்பதும் அந்த நரம்புச் சுற்றில்தான். டிக் வருமுன் அவ்விடத்தில் ஓர் அரிப்பு போலவோ இறுக்கம் போலவோ தோன்றும் என்று, சற்று வளர்ந்த பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள். இயல்பிலேயே டிக்குக்குச் சாய்வுள்ள குழந்தைக்கு ஒவ்வாமை அசைவைக் கற்றுக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது என்ற விளக்கம், நிரூபணமாகாவிட்டாலும், எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

தைவானின் தேசிய மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு 2011-இல் வெளியான ஆய்வு, டூரெட் உள்ள பிள்ளைகளிடம் ஒவ்வாமை நோய்கள், குறிப்பாக மூக்கு ஒவ்வாமை, கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இரண்டும் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று ஆகிவிடாது; மூக்கை உறிஞ்சும் டிக்கைச் சளியென்றும், தொண்டையைச் செருமும் டிக்கை இருமலென்றும் முதலில் எழுதிவைத்த சீட்டுகளும் அந்தக் கணக்கில் கலந்திருக்கக்கூடும். ஹிஸ்டமினையே காரணமாகச் சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள். தந்தையும் எட்டுப் பிள்ளைகளும் டூரெட்டால் பாதிக்கப்பட்ட ஒரு குடும்பத்தில், ஹிஸ்டமினைத் தயாரிக்கும் நொதியின் மரபணுவே பழுதாகியிருந்ததாக 2010-இல் கண்டறியப்பட்டது. அங்கே குறை மூளைக்குள். தூசியால் பெருகும் ஹிஸ்டமினோ மூளைக்கு வெளியே சுரப்பது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாதது.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒவ்வாமைக் கண் சிவக்கும், நீர் வடியும், பிள்ளை கசக்குவான். மூக்கடைப்பு உறக்கத்திலும் தொல்லை தரும். டிக் உறக்கத்தில் பெரிதும் அடங்கும், பதற்றத்தில் கூடும், கண்ணிலிருந்து தோளுக்கு இடம் மாறும். ஒவ்வாமை இருந்தால் அதற்கு மருத்துவம் செய்து, மெத்தை உறைகளை வெந்நீரில் துவைப்பது நல்லதே. டிக்கை அதட்டி நிறுத்த முயல்வது பதற்றத்தைத்தான் கூட்டும். டிக் தொந்தரவாகிவிட்டால், பயிற்சி பெற்ற உளவியலாளர் பிள்ளைக்கு அந்த முன்னுணர்வை அடையாளம் காணக் கற்றுத்தருவார்; அது எழும்போதெல்லாம் இறுக்கிக் கொட்டுவதற்குப் பதிலாக, சில நொடிகளுக்கு ஒருமுறை மென்மையாக, வேண்டுமென்றே இமையை மூடித் திறக்கச் சொல்வார்.