மீன் செத்தா அலுமினியம் எவ்ளோன்னு கேட்டா மட்டும் பத்தாது

பெருந்துறை பக்கம் எங்க மாமா ஒருத்தரு கிணத்துல மீன் உட்டிருந்தாரு, செத்து மெதக்குதுன்னு ஒரு பாட்டில்ல தண்ணிய மொண்டுட்டு வந்து "இதுல அலுமினியம் எவ்ளோ இருக்குதுன்னு பாத்துச் சொல்லு சாமி"ன்னாரு. குடிதண்ணிக்கு இந்தியாவோட தர அளவான ஐஎஸ் 10500ல லிட்டருக்கு 0.03 மில்லிகிராம், வேற தண்ணி இல்லைன்னா 0.2 வரைக்கும்னு இருக்குது. ஆனா மீனு விஷயத்துல அந்த மொத்தக் கணக்க வெச்சு ஒன்னும் சொல்ல முடியாதுங்க.

காசு மாதிரிதான் இது. கையில இருக்கறதும் காசுதான், காட்டுல போட்டு முடங்கிக் கெடக்கறதும் காசுதான், செலவுக்கு ஆகறது கையில இருக்கறது மட்டும். இலை தழை மக்கி வர்ற கரிமப் பொருளோட ஒட்டிக்கிட்ட அலுமினியம் முடங்கின காசு, மீன அவ்வளவா ஒன்னும் பண்ணாது. தண்ணியோட அமிலத் தன்மையச் சொல்ற பிஎச் (கொறைய கொறைய அமிலம் ஜாஸ்தி) 5.5க்குக் கீழ போனா பாசிட்டிவ் சார்ஜோட தனியாத் திரியற அலுமினியம் கூடிப்போகும், அதுதான் மீனோட செவுள்ல போய் ஒட்டி, சளி கட்டி, உப்பு சத்த வெளிய உட்டு, மூச்சயும் அடைக்கிறது.

ரெண்டயும் எப்படிப் பிரிக்கறது? நம்மூர்ல உப்புத் தண்ணிக்கு வீட்டுக்கு வீடு சாஃப்ட்னர் வெக்கறமே, அதுல இருக்கற அதே வகை ரெசின்தான். சார்லஸ் டிரிஸ்கால்ங்கற அமெரிக்க விஞ்ஞானி 1984ல எழுதின முறை இது, அமில மழையில ஏரிகள்ல மீன் அழிஞ்சுட்டிருந்த காலம். தண்ணிய ரெசின் வழியா உட்டா பாசிட்டிவ் சார்ஜ் உள்ளது மாட்டிக்கும், கரிமப் பொருளோட ஒட்டினது வெளிய வந்துரும். ரெசின்ல உடறதுக்கு முன்னாடி ஒருக்கா, உட்டதுக்கப்பறம் ஒருக்கா பைரோகேட்டகால் வயலட் சாயத்தப் போட்டு நீல நெறம் எவ்ளோ ஏறுதுன்னு அளந்து, முதல் அளவுல இருந்து ரெண்டாவதக் கழிச்சா மீனக் கொல்றது எவ்ளோன்னு தெரிஞ்சுரும். இரும்பும் அதே சாயத்துல நெறம் குடுக்கும், அது நெறம் குடுக்காதபடி மொதல்ல வேற மருந்து போட்டுக் கட்டிப் போட்டுரணும்.

இதுல நெறயப் பேரு தப்பு பண்றது பாட்டில்லதான். கெடாம இருக்கட்டும்னு ஆசிட் ஊத்திருவாங்க, ஊத்தினா ஒட்டியிருந்ததெல்லாம் பிரிஞ்சு வந்து எல்லாமே ஒன்னாயிரும், அப்பறம் எந்த மெசினாலயும் பழைய கணக்கக் கொண்டுவர முடியாது. பாட்டில கழுத்து வரைக்கும் ரொப்பி, காத்து இல்லாம மூடி, குளுமையா வெச்சு சீக்கிரமாப் பாக்கணும், கார்பன் டை ஆக்சைடு வெளிய போனாலே பிஎச் ஏறி வடிவம் மாறிரும்.

மாமா கொண்டாந்த தண்ணி பிஎச் 8 பக்கம், சுண்ணாம்பு வேற ஜாஸ்தி. இப்படிப்பட்ட தண்ணியில கரைஞ்ச அலுமினியம் பெரும்பாலும் நெகட்டிவ் சார்ஜோட அலுமினேட்டா இருக்கும், ரெசின் அதப் புடிக்காது, கரிமக் கணக்குல தப்பா சேந்துரும். இந்த முறை அமிலத் தண்ணிக்குன்னே பண்ணுனது. அதனால அவருகிட்ட, அலுமினியத்த உடுங்க, ஆக்சிஜன் ரொம்பக் கொறையற விடியக்காலம் 5 மணிக்கு கிணத்துல அது எவ்ளோ இருக்குதுன்னு மொதல்ல பாருங்க மாமான்னு சொல்லி அனுப்புனேன்.