குவில்ட்டின் தையல் படத்தில் எங்கே மறைகிறது?

“வீட்டிலேயே ஒரு சட்டம் அமைத்து, என் குவில்ட்டை, அதாவது இரு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த போர்வையை, தொங்கவிட்டுப் படம் எடுத்தேன். நிறம் சரியாக வந்திருக்கிறது, ஓரங்களும் நேராக இருக்கின்றன. ஆனால் மாதக்கணக்கில் கையால் போட்ட தையல் மட்டும் தெரியவில்லை. அச்சடித்த காகிதம்போல் இருக்கிறது. நல்ல கேமரா வாங்க வேண்டுமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். விளக்குகளை எங்கே வைத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். ஓவியங்களைப் படமெடுக்கச் சொல்லப்படும் முறைப்படி, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக 45 டிகிரி கோணத்தில் வைத்ததாகப் பதில் வந்தது. தையலை மறைத்தது அந்த இரண்டாவது விளக்குதான்.

தொங்கவிடும் வேலையை முதலில் முடித்துவிடுவோம். இரண்டு மூலைகளை மட்டும் கிளிப்பால் பிடித்தால், மேல் ஓரம் நடுவில் தொய்ந்து, மூலைகளிலிருந்து சாய்வான மடிப்புகள் விழும். பாரம் ஓரம் முழுவதும் பரவ வேண்டுமானால், பின்புறம் மேல் விளிம்பை ஒட்டி ஒரு துணிப்பட்டையை உறைபோல் தைத்து, அதற்குள் குழாயைச் செருகி, குழாயின் இரு முனைகளையும் தாங்கிகளில் ஏற்றுவதே நல்லது. குழாய் மெல்லியதாக இருந்தால் அதுவே வளையும். ஒரே மாதிரிப் பரவிய பாரத்தைத் தாங்கும் குழாயின் தொய்வு அதன் நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், தாங்கிகளுக்கு இடையிலான தூரம் இரட்டித்தால் தொய்வு 16 மடங்காகும். ஆகவே அகலமான குவில்ட்டுக்கு நடுவில் மூன்றாவது தாங்கி ஒன்று வைப்பது வீண் வேலை அல்ல. குழாய்க்கு ரசமட்டம், பக்க ஓரங்களுக்குத் தூக்குக்குண்டு, கீழ் ஓரம் சுருண்டுகொள்ளாமல் இருக்க அங்கேயும் ஒரு மெல்லிய கம்பி, இவ்வளவு போதும்.

கேமரா குவில்ட்டுக்கு நேராக நிற்கிறதா என்பதைக் கண்ணளவில் சொல்ல முடியாது. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. குவில்ட் தொங்கப்போகும் அதே தளத்தில் ஒரு தட்டைப் பலகையை நிறுத்தி, படத்தின் மையம் வரும் இடத்தில் சிறு கண்ணாடி ஒன்றை ஒட்டிக் கேமரா வழியாகப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் சட்டகத்தின் நடுவில் விழும் வரை கேமராவை நகர்த்தினால், படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற பள்ளிப்பாடமே மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இனி ஒளிக்கு வருவோம். மேல்துணி, நடுவிலுள்ள பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துப் போடும் தையல், பஞ்சை அழுத்திப் பள்ளமாக்குகிறது. இரண்டு தையல் வரிகளுக்கு நடுவே துணி புடைத்து நிற்கிறது. புடைப்பின் உயரம் சில மில்லிமீட்டர்தான், அதன் சரிவும் மென்மையானது. இந்தச் சரிவு கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதை, 1760-இல் கணித அறிஞர் யோகான் ஹைன்ரிக் லம்பெர்ட் வெளியிட்ட ஒரு விதி தீர்மானிக்கிறது. பளபளப்பில்லாத ஒரு பரப்பின்மீது விழும் ஒளியின் அளவு, பரப்புக்குச் செங்குத்தான கோட்டுக்கும் ஒளிக்கதிருக்கும் இடையிலுள்ள கோணத்தின் கோசைன் மதிப்பைப் பொறுத்தது என்பதே அது.

கட்டைவிரல் அகலமுள்ள ஒரு புடைப்பை எடுத்துக்கொள்வோம். அதன் இடச்சரிவு ஒரு பக்கமும் வலச்சரிவு மறுபக்கமுமாக 10 டிகிரி சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கு கேமராவுக்குப் பக்கத்திலேயே நேர் எதிரே இருந்தால், தட்டையான பகுதியின் வெளிச்சம் 1 என்றால் சரிவுகளின் வெளிச்சம் கோசைன் 10, அதாவது 0.985. ஒன்றரை விழுக்காடு வேறுபாட்டைப் பூப்போட்ட துணியில் எந்தக் கண்ணும் பிரித்தறியாது. இப்போது அதே விளக்கை இடப்பக்கமாகக் கொண்டுபோய், துணியை உரசிக்கொண்டு போவதுபோல், துணிப்பரப்பிலிருந்து 15 டிகிரி மட்டுமே உயர்ந்த கோணத்தில் ஒளி வரச்செய்தால், தட்டைப் பகுதிக்கு 0.26, விளக்கை நோக்கிய சரிவுக்கு 0.42, மறுபக்கச் சரிவுக்கு வெறும் 0.09. ஒரே புடைப்பின் இரு கன்னங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து மடங்கு வேறுபாடு! துணியில் எதுவும் மாறவில்லை. கோசைன் வளைகோடு உச்சியில் தட்டையாகவும் 90 டிகிரியை நெருங்கும்போது செங்குத்தாகவும் இறங்குவதால் மட்டுமே இது நிகழ்கிறது.

முழுநிலவு தட்டுப்போலவும், அரைநிலவின் இருள் எல்லையை ஒட்டிய பகுதி குழிகுழியாகவும் தெரிவதற்கும் இதே சாய்வொளிதான் காரணம். 1609-இல் தொலைநோக்கியைத் திருப்பிய கலிலியோ, நிலவில் மலைகள் இருப்பதை அந்த எல்லையில்தான் கண்டுகொண்டார்.

வாசகரின் இரண்டாவது விளக்கு என்ன செய்தது? அவர் விளக்குகளும் 15 டிகிரியில் இருந்ததாக எடுத்துக்கொண்டால், இடது விளக்கு ஒரு சரிவுக்கு 0.42-ம் மறு சரிவுக்கு 0.09-ம் தருகிறது, வலது விளக்கு அதையே மாற்றித் தருகிறது. கூட்டினால் இரு சரிவுகளுக்கும் 0.51, தட்டைப் பகுதிக்கு 0.52, வித்தியாசம் மீண்டும் அதே ஒன்றரை விழுக்காடு. இது தற்செயல் அல்ல. இரு கோசைன்களைக் கூட்டும் பள்ளிச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால், விளக்கின் கோணம் தனியாகப் பிரிந்து வெளியே போய்விடும். எஞ்சுவது சரிவின் கோசைன் மட்டுமே. எனவே, இரு சரிவுகளிலும் ஒளி விழும் வரை, இருபுறமும் சமமாக வைத்த விளக்குகள் 45 டிகிரியில் இருந்தாலும் 15 டிகிரியில் இருந்தாலும், பக்கவாட்டுப் புடைப்பைப் பொறுத்தமட்டில் நேர் எதிரே வைத்த ஒற்றை விளக்குக்குச் சமம். தட்டையான ஓவியத்துக்கு அது வரம். குவில்ட்டுக்கு அதுவே சாபம். இதை முதன்முதலில் தாளில் எழுதிப் பார்த்த இரவு, எனக்குத் தூக்கம் வர வெகுநேரம் ஆயிற்று.

ஒற்றைப் பக்க விளக்குக்கும் ஒரு குறை உண்டு. விளக்கை அருகில் வைத்தால் பக்கத்து ஓரம் வெளுத்தும் தூர ஓரம் இருண்டும் போகும். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்று படித்திருக்கிறோம். உரசிச் செல்லும் ஒளியில், தூரம் போகப்போகக் கோணமும் சரிவதால் அது தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. 2 மீட்டர் அகலக் குவில்ட்டின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் 1 மீட்டர் தள்ளி விளக்கை வைத்து, நடுவில் 15 டிகிரி கிடைக்கும்படி அமைத்தால், இரு ஓரங்களுக்கும் இடையே 19 மடங்கு வேறுபாடு வருகிறது. 4 மீட்டர் தள்ளினால் அது 3 மடங்காகச் சுருங்குகிறது. அவ்வளவு இடம் இல்லாதவர்கள், விளக்கின் முகத்தைத் தூர ஓரத்தை நோக்கித் திருப்பி, அருகிலுள்ள ஓரத்துக்கு ஒளிக்கற்றையின் மங்கலான விளிம்பு மட்டும் படும்படி செய்யலாம்.

ஒளி செல்லும் திசையிலேயே ஓடும் தையல் வரி, பெரும்பாலும் தெரியாமலே போகும் என்பதையும் கவனிக்க வேண்டும். படுக்கைவரிகளும் நெடுக்குவரிகளும் கலந்த குவில்ட்டுக்கு விளக்கை மேல் மூலையில் வைப்பதே பொருத்தம். விளக்கைப் பல இடங்களில் வைத்து எடுத்த படங்களைக் கணக்கால் இணைத்து, திரையில் ஒளியை விரும்பியபடி திருப்பிப் பார்க்கும் நுட்பத்தை எச்.பி. கணினி நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் குழுவினரும் 2001-இல் வெளியிட்டனர். 2005-இல் அது ஆன்டிகைத்தரா இயந்திரம் எனப்படும் பண்டைய கிரேக்கப் பல்சக்கரக் கருவியின் தேய்ந்த எழுத்துகளைப் படிக்க உதவியது. பெயரில்லாத பெண்கள் தைத்த போர்வைகளைப் பதிவுசெய்யவும் இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. ஒரு தையலும் ஒருவரின் கையெழுத்துதான்.

நிறத்துக்கு இரு விளக்குகளோடு ஒரு படமும், தையலுக்கு ஒற்றை விளக்கோடு ஒரு படமும் எடுத்துக்கொள்ளுமாறு வாசகருக்கு எழுதினேன். விளக்கு மேலிருந்தே வரட்டும் என்றும் சேர்த்தேன். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை எடுத்துக்கொள்வதால், கீழிருந்து ஒளியூட்டிய குவில்ட்டில் புடைப்புகள் எல்லாம் குழிகளாகத் தோன்றும். நம்பாதவர்கள் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கலாம்; குழிகள் மறுபடி எழுந்து நிற்கும்.