மேலடுக்கின் பணத்தை வைத்து வழக்காடாதீர்கள்

மறுபடியும் அதே மாதிரி ஒரு கோப்பு. பாலிசிதாரர்மேல் நஷ்டஈடு வழக்கு. முதல் அடுக்குக் காப்பீட்டின் வரம்புக்குள்ளேயே, அதாவது அது கட்டும் உச்சத் தொகைக்குள்ளேயே, சமரசம் பேச எதிர்த்தரப்பு தயாராக இருந்தது. முதல் அடுக்கு நிறுவனம் மறுத்தது. தீர்ப்பு வரம்பைத் தாண்டிய பிறகுதான், மேலடுக்குக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முதல் கடிதமே போயிருக்கிறது. (மேலடுக்குக் காப்பீட்டை ஆங்கிலத்தில் ‘எக்ஸஸ்’ என்பார்கள். பாலிசிதாரர் கையிலிருந்து கட்டும் தொகையையும் சில நாடுகளில் அப்படியே அழைப்பார்கள். நான் பேசுவது அதையல்ல. முதல் பாலிசியின் வரம்புத் தொகை தீர்ந்ததும் அதற்கு மேற்பட்டதைக் கட்டும் பாலிசியை.)

முதல் அடுக்கு நிறுவனங்களைக் கேட்டால் ஒரே பதில்: “அவர்களோடு எங்களுக்கு ஒப்பந்தமே இல்லையே!” இல்லைதான். ஆனால் பாலிசிதாரரோடு இருக்கிறதே? வரம்புக்குள் வரும் நியாயமான சமரசத்தை அவர் நலன் கருதி ஏற்பது உங்கள் கடமை. மீதித் தொகையைக் கட்டியதும் மேலடுக்கு நிறுவனம் அவருடைய இடத்தில் வந்து நிற்கும். அவர் உங்கள்மேல் போட்டிருக்கக்கூடிய அதே வழக்கை அது போடும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் நீதிமன்றங்கள் இதை ஏற்கின்றன. இதற்குத் தனி ஒப்பந்தம் தேவையே இல்லை.

பாலிசிதாரருக்கான இந்தக் கடமைக்கு, கலிபோர்னியாவில் 1958-இல் தீர்ப்பான கோமுனாலே வழக்கைப் பாருங்கள். காயம்பட்ட ஒவ்வொருவருக்கும் 10,000 டாலர் என்பது பாலிசியின் வரம்பு. 4,000 டாலருக்கு வந்த சமரசத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கவில்லை. காயம்பட்டவருக்கு 25,000 டாலர் தீர்ப்பானது. வரம்புக்கு மேற்பட்டதற்கும் நிறுவனமே பொறுப்பு என்றது நீதிமன்றம்.

வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, மேலடுக்கைக் காப்பாற்ற சமரசம் செய்யும் கடமை பாலிசிதாரருக்கு இல்லை என்று அதே மாநில உச்ச நீதிமன்றம் 1980-இல் சேஃப்வே வழக்கில் சொன்னது. ஆக, அவர்மேல் பழியைப் போடவும் வழி குறைவு.

முதல் அடுக்கில் இருப்பவர்களே, சமரசக் கடிதம் வந்தால் கெடு தேதியோடு அன்றே மேலடுக்குக்கு அனுப்புங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதி வையுங்கள். ‘வரம்பே இல்லாவிட்டால் இதை நான் ஏற்பேனா?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மேலடுக்கில் இருப்பவர்களே, தகவல் கிடைத்தும் சும்மா இருக்காதீர்கள். சமரசம் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள்.

பாலிசிதாரர்களே, தயவுசெய்து இரண்டு நிறுவனங்களுக்கும் நீங்களே தகவல் கொடுங்கள். ஒருவர் மற்றவருக்குச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தவர்களின் கோப்புகள்தான் என் மேசையில் கிடக்கின்றன.