சம்ப்பில் மிதக்கும் பந்தும் குபர்னெட்டிஸும்

பாலக்கோட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: "என் மகன் ஓசூரில் தங்கி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறான். என்ன வேலை என்றால் 'குபர்னெட்டிஸ் பார்க்கிறேன்' என்கிறான். எது விழுந்தாலும் அது தானே எழுப்பிவிடுமாம். அப்படியென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு இவனை எதற்கு எழுப்புகிறார்கள்?"

ஐயா, கொக்கி அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கன்டெய்னர் என்பது ஒரு செயலியையும் அது ஓடத் தேவையான துணை நிரல்களையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். 2013-இல் டாக்கர் என்ற மென்பொருள் வந்த பிறகு எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. பத்துப் பொட்டலம் என்றால் கையாலேயே பார்த்துக்கொள்ளலாம். பத்தாயிரம் என்றால்? கூகுள் தனக்குள் 'போர்க்' என்ற மென்பொருளை வைத்துச் சமாளித்துவந்தது. அந்த அனுபவத்தில் பிறந்த, பல கணினிகளில் ஓடும் பொட்டலங்களைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்தான் குபர்னெட்டிஸ். அதை 2014-இல், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்த மூலமாக வெளியிட்டார்கள்; 2015 ஜூலையில் 1.0 பதிப்பு வந்தது. பெயர் கிரேக்கம், சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். மீகாமன் என்று நம்மிடம் அழகான சொல்லே இருக்கிறது, யாரும் கேட்கவில்லை.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்று. அதைப் பார்க்க என் வீட்டு சம்ப்பின் மூடியைத் திறக்க வேண்டும்.

தர்மபுரியில் எங்கள் வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. போர் தண்ணீரின் ஃப்ளோரைடில் பல் மஞ்சளான தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால், குழாய் வாயில் ஒரு கம்பி, அதன் நுனியில் பாசி பிடித்த பிளாஸ்டிக் பந்து. தண்ணீர் இறங்கினால் பந்து இறங்கும், வால்வு திறக்கும். மட்டம் ஏறினால் மூடும்.

இதையே ஓர் ஆளை வைத்துச் செய்வதாக வைத்துக்கொள்வோம். "தண்ணி தீர்ந்துடுச்சுண்ணே" என்று போன் வந்தால் அவர் வால்வைத் திறப்பார். அந்த நேரம் அவர் போனில் சிக்னல் இல்லையென்றால் தொட்டி காலியாகவே கிடக்கும். இரண்டு பேர் அழைத்துவிட்டால் இரண்டு மடங்கு திறந்துவிடுவார். பந்துக்கு இந்தக் கஷ்டமே இல்லை. யார் மொண்டார்கள், எத்தனை குடம், நேற்று என்ன நடந்தது, எதுவும் அதற்குத் தெரியாது. இப்போது மட்டம் எங்கே இருக்கிறது, அவ்வளவுதான். எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாததால் எதையும் மறக்கவும் முடியாது.

செய்தியைக் கேட்டு இயங்குவது ஒரு வகை, நிலையைப் பார்த்து இயங்குவது இன்னொரு வகை. பின்னதைப் பொறியாளர்கள் 'லெவல் ட்ரிகர்டு' என்பார்கள். பந்துக்கும் அதே பெயர் பொருந்துவது எனக்கு இன்னும் குஷியாக இருக்கிறது.

குபர்னெட்டிஸுக்கு நீங்கள் கட்டளை இடுவதில்லை. "இந்தப் பொட்டலம் 5 ஓடிக்கொண்டிருக்க வேண்டும்" என்று எழுதித் தருகிறீர்கள். அது எட்சிடி என்ற பேரேட்டில் ஏறுகிறது. கன்ட்ரோலர் என்ற சிறு நிரல் எண்ணிப் பார்க்கிறது: இருப்பது 3, வேண்டியது 5, குறைவது 2. ஏதாவது விழுந்தால் அதற்கும் செய்தி வரத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் செய்தி வெறும் மணியடிப்பு. மணி கேட்டதும் அது மறுபடி எண்ணித்தான் பார்க்கும். கன்ட்ரோலரே செத்து எழுந்தாலும் கவலையில்லை, முதலிலிருந்து எண்ணும்.

இன்னும் ஒரு நயம் இருக்கிறது. குறைவது இரண்டு என்று கண்டுபிடித்த கன்ட்ரோலர் எதையும் ஓட்டாது. "இன்னும் இரண்டு" என்று பேரேட்டில் எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். எந்தக் கணினி என்று குறிக்கப்படாத பொட்டலங்களை ஷெட்யூலர் பார்த்து, கணினியின் பெயரை எழுதும். அந்தக் கணினியிலுள்ள க்யூப்லெட், தன் பெயர் வந்திருப்பதைப் பார்த்து ஓட்டத் தொடங்கும். மூவரும் நேரில் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை.

பழைய மடிக்கணினி ஒன்று, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி இரண்டு. வீட்டு மேசையில் இதை ஓடவிட்டேன். ஒரு பொட்டலத்தை அழித்தேன், மூச்சு விடுவதற்குள் புதிது வந்துவிட்டது. அடுத்து ஒரு குட்டிக் கணினியின் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. சுமார் முக்கால் நிமிடம் கழித்துத்தான் 'ஆள் இல்லை' என்று குறித்தது. அதன் பிறகும் 300 விநாடி பொறுத்தது. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். கணினி சாகாமல் கம்பி மட்டும் அறுந்திருக்கலாமே, அதற்குத்தான் இந்த நிதானம். பிறகு மற்ற கணினிகளில் புதிதாக எழுப்பியது. கம்பியைத் திரும்பச் சொருகியதும், தன் பழைய பொட்டலங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டதைப் பார்த்து அந்தக் குட்டிக் கணினி தானே அவற்றை நிறுத்திக்கொண்டது.

அண்மைச் செய்திகள் இரண்டு. பொட்டலத்தின் நினைவக அளவை மாற்ற முன்பு அதைக் கொன்று புதிதாக எழுப்ப வேண்டும். ஓடும்போதே மாற்றும் வசதி 2025 டிசம்பரில் வந்த 1.35 பதிப்பில் நிலைபெற்றது. மற்றது வருத்தமான செய்தி. வெளியிலிருந்து வரும் இணையப் போக்குவரத்தை உள்ளே அனுப்பும் 'இன்கிரஸ் எஞ்சின்எக்ஸ்' என்ற பகுதி உலகம் முழுக்கப் புழங்குவது. 2026 மார்ச்சோடு பராமரிப்பை நிறுத்துகிறோம் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். அதைப் பல ஆண்டுகள் தாங்கியவர்கள் ஒருவரோ இருவரோ. அதுவும் வேலை முடிந்த பின்னும் வார இறுதியிலும். கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் நிறுவனங்கள் அதன் மேல் உட்கார்ந்திருந்தன. கட்டடம் திறக்கப் பணம் வரும், கட்டடத்தைப் பெருக்குகிறவருக்கு வராது. நம் ஊர்க் கல்லூரிகள் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்டை இப்படிப்பட்ட மென்பொருளின் பிழைதிருத்தத்துக்குத் திருப்பிவிட்டாலே போதும் என்பது என் கட்சி.

ஆயுத பூஜைக்கு சர்வர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் எனக்குச் சண்டையில்லை. 'ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும்' என்ற மூடநம்பிக்கையோடுதான் சண்டை. எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் ஒழுகவிடும் செயலி, நினைவகம் தீர்ந்து விழும். அதைக் குபர்னெட்டிஸ் ஓசையில்லாமல் எழுப்பிக்கொண்டே இருக்கும். ஒழுகல் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது.

இனி ராத்திரி இரண்டு மணி. ஒரு முறை பிளம்பர் வந்து என் சம்ப்பின் கம்பியைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்துவிட்டுப் போனார். வால்வு மூட வேண்டிய மட்டம் சம்ப்பின் விளிம்புக்கும் மேலே போய்விட்டது. பந்து தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது; இன்னும் நிரம்பவில்லை என்று விடிய விடியத் திறந்தே வைத்திருந்தது. காலையில் தெரு முழுக்கச் சேறு. எதிர்வீட்டு அக்காவிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

உங்கள் மகன் அலுவலகத்திலும் யாரோ சாயங்காலம் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைத் தப்பாக எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார். பொட்டலம் எழும், உள்ளே நுழைய முடியாமல் விழும். குபர்னெட்டிஸ் 10 விநாடி கழித்து எழுப்பும், பிறகு 20, பிறகு 40, கடைசியில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை என்று சலிக்காமல் எழுப்பிக்கொண்டே இருக்கும். எழுதித் தந்ததே தப்பு என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் உங்கள் மகனுக்குப் போன் வருகிறது.