படுக்கையில் இருப்பவருக்கும் வழிபாடு உண்டு

"வலி எப்படி இருக்கு?" என்றால் உடனே பதில் சொல்கிறவர்கள், "சாமி கும்பிடறீங்களா?" என்றால் பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வீடு தேடிப் போய் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை கொடுக்கும் குழுவில் நான் செவிலியர். பக்கவாதம், முதுகுத்தண்டில் அடி, முற்றிய புற்றுநோய் என்று மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், வாசற்படி தாண்டாதவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், தீராத நோயாளியின் வலியில் உடல், மனம், சமூகம், ஆன்மிகம் நான்கும் கலந்திருக்கிறது என்று சொன்னார். எங்கள் துறைக்கு அதுதான் அரிச்சுவடி. ஆனால் வீடுகளில் அந்த நான்காவது வலியைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

நம் பக்தி காலோடு சேர்ந்தது. பிரகாரம் சுற்றுவது, ஞாயிறு திருப்பலி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ எல்லாமே நடந்து போய்ச் செய்வது. கால் நின்றதும் அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோகிறது. அதைவிடப் பெரிய தடை தீட்டு.

ஓர் அம்மா, கட்டிலுக்கு எதிரே இருந்த முருகன் படத்தை அடுத்த அறைக்கு மாற்றச் சொல்லியிருந்தார். "மூத்திரப் பையை மாட்டிக்கிட்டு எப்படி சிஸ்டர் கும்பிடறது?" என்றார். நான் தத்துவம் எதுவும் பேசவில்லை. மகளும் நானும் பையைக் காலி செய்து, ஒரு துணிப்பைக்குள் போட்டு, கட்டிலின் பக்கச் சட்டத்தில் தாழ்வாக, தரையில் படாமல் கட்டினோம். (படுக்கைமேல் தூக்கி வைத்தால் சிறுநீர் திரும்பிப் போய்க் கிருமித்தொற்று வரும்.) வெந்நீரில் முகம், கை துடைத்து, தலை வாரி, உடை மாற்றிவிட்டோம். கட்டிலைத் திருப்பிப் போட்டோம். அதுவரை பூஜை அலமாரி அவருடைய தலைமாட்டுக்குப் பின்னால் இருந்தது, படுத்திருப்பவர் கண்ணில் படவே வழியில்லை. அப்புறம் திருநின்றவூர் பூசலார் பேச்சை எடுத்தேன். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டியவர். அவர் குறித்த அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் வைத்திருந்த குடமுழுக்கைத் தள்ளிவைக்கும்படி சிவனே கனவில் வந்து சொன்ன கதை. பாதிக்கு மேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அந்த அம்மாவே சொல்லி முடித்தார். அன்று சாயங்காலமே படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

இஸ்லாமியப் பெரியவர்களிடமும் இதே தயக்கம் உண்டு. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தபடியும் தொழலாம். சிறுநீர் அடங்காதவர் வேளைக்கு வேளை ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்துகொண்டு தொழலாம், தண்ணீர் ஆகாதவருக்குச் சுத்தமான மண்ணைத் தொட்டுச் செய்யும் ‘தயம்மும்’ முறை இருக்கிறது. இதை நான் சொல்வதைவிடப் பள்ளிவாசல் இமாம் வீட்டுக்கு வந்து ஒரு தடவை சொல்வது பெரிய மருந்து. கத்தோலிக்கக் குடும்பங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லி வைத்தால் நற்கருணை வீட்டுக்கே வரும். நோயில்பூசுதல் (பாதிரியார் எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு) சாகப்போகிறவருக்கு மட்டும் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். கடும் நோயில் இருக்கும் எவரும் பெறலாம், திரும்பவும் பெறலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் வேண்டாம், தீப்பிடிக்கும். பேட்டரி விளக்கு போதும். மூச்சு நோய் உள்ளவருக்குச் சாம்பிராணிப் புகையும் ஆகாது.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "போன ஜென்மத்துக் கர்மா", "ஆண்டவர் சோதிக்கிறார்", "விசுவாசம் போதலை" என்பதையெல்லாம் தயவுசெய்து வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் போன பிறகு ராத்திரி முழுக்க அதையே நினைத்து அழுகிறவர்களை நான் பார்க்கிறேன். அதற்குப் பதில், "எனக்காக வேண்டிக்குங்க" என்று கேளுங்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, அவருடைய சபையார் உடம்பு சரியில்லாதவர்களின் பெயர்களை வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்புகிறார்கள். தினமும் ராத்திரி ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிக்கிறார். மாத்திரை நேரம் மறந்தாலும் இதை மறப்பதில்லை என்கிறார் அவருடைய மனைவி. எல்லாரிடமிருந்தும் வாங்கிக்கொண்டே இருக்கிறவருக்கு, கொடுக்கவும் ஏதோ இருக்கிறது என்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தெம்பு. டிவியில் வேளாங்கண்ணித் திருப்பலியோ திருமலை உற்சவமோ பார்ப்பதும் நல்லதுதான், குறித்த நேரத்துக்குப் போட்டு, முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். நாள் முழுக்க ஓடினால் அது வெறும் சத்தம். கடவுள் நம்பிக்கை இல்லாதவரிடம் இதையெல்லாம் திணிக்காதீர்கள், அவருக்குப் பழைய நண்பர் ஒருவர் வந்து உட்கார்ந்தாலே போதும்.

பிரார்த்தனையால் மட்டும் தீராததும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, பேச்சு எல்லாம் குறைந்து, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொல்ல ஆரம்பித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

கடைசியாக, கூடவே அடைந்து கிடக்கும் மகளையோ மனைவியையோ கவனியுங்கள். அவரும் கோயிலையோ சர்ச்சையோ பார்த்து மாதக்கணக்காகியிருக்கும். பக்கத்து வீட்டில் இருக்கிறீர்களா? வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ ஒரு மணி நேரம், "நான் இங்க இருக்கேன், நீ போயிட்டு வா" என்று சொல்லுங்கள்.