நீதிமானா, அருளுடையாரா? ஒரு பட்டத்தின் தமிழ்

போன மாதம் மெய்ப்புப் பார்த்துத் தரச் சொல்லி ஒரு மொழிபெயர்ப்பு என்னிடம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்தில் யூதர்களைத் தங்கள் வீடுகளில் ஒளித்துக் காப்பாற்றிய சாதாரண மக்களைப் பற்றிய நூல். மூன்றாம் பக்கத்திலேயே ‘நாடுகளிடையே நீதிமான் விருதை வென்ற விவசாயி’ என்று இருந்தது. நாற்பது பக்கம் தள்ளி அதே பட்டம் ‘தேசங்களின் நேர்மையாளர்’ ஆகியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் யோஹான் வான் ஹுல்ஸ்ட் ‘பன்னாட்டு நீதியரசர்’ என்று அறிமுகமாகிறார். வான் ஹுல்ஸ்ட் நீதிபதியாக இருந்தவர் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை நடத்தியவர்.

இது அந்த ஒரு நூலின் பிழை மட்டும் இல்லை. ஆவணப்படங்களின் தமிழ்க் குரலிலும் நாளிதழ்க் கட்டுரைகளிலும் ‘நாடுகளிடையே நீதிமான்’ பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டு சொற்களில் ஒன்றுகூடச் சரியில்லை என்பது என் கருத்து.

முதலில் பட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகம், 1953இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, யூதர்களைக் காப்பாற்றிய யூதரல்லாதவர்களுக்கு இதை வழங்குகிறது. 1963 முதல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் ஒரு குழு ஒவ்வொருவர் கதையையும் சாட்சியங்களோடு ஆராய்ந்து முடிவு செய்கிறது. உயிருக்கோ விடுதலைக்கோ ஆபத்து என்று தெரிந்தே உதவியிருக்க வேண்டும். அதற்குக் கூலி கேட்டிருக்கக் கூடாது. இதுவரை 28,000க்கும் மேற்பட்டவர்கள் இப்பட்டம் பெற்றிருக்கிறார்கள். போலந்துக்கு அடுத்தபடியாக நெதர்லாந்துக்காரர்களே அதிகம், 5,900க்கும் மேல்.

எபிரேய மூலம் ‘ஹஸிதே உமோத் ஹாஓலாம்’. ஹஸித் என்றால் ‘ஹெஸெத்’, அதாவது பேரன்பு, உடையவர். உமோத் என்றால் மக்களினங்கள். ஹாஓலாம் என்றால் உலகம். யூத மரபில் பழைய தொடர்தான். 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ், இப்படிப்பட்டவர்களுக்கும் மறுமையில் பங்கு உண்டு என்று எழுதியிருக்கிறார். சொல்லின் வரலாறு இவ்வளவு போதும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம்மவர்கள் யாரும் எபிரேயத்தைப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தைப் பார்க்கிறார்கள். ஆங்கிலக்காரர் இந்தத் தொடரைத் தம் பைபிள் நடையில் ‘ரைச்சஸ் அமங் த நேஷன்ஸ்’ என்று பெயர்த்துக்கொண்டார். நாம் அந்தப் பெயர்ப்பைப் பெயர்க்கிறோம்.

‘நாடுகளிடையே’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் நாடு என்றால் எல்லையும் கொடியும் உள்ள ஒன்று. ‘நாடுகளிடையே’ என்றதும் ‘நாடுகளிடையே ஒப்பந்தம்’, ‘நாடுகளிடையே போட்டி’ என்றுதான் மனம் போகிறது. பல நாட்டவர் கலந்துகொண்ட போட்டியில் பரிசு வாங்கியவரைப் போலத் தோன்றுகிறது. அதனால்தான் மொழிபெயர்ப்பாளர் கை தானாகவே ‘விருதை வென்ற’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் உமோத் என்பது இங்கே யூதர் அல்லாத பிற மக்களினங்களைக் குறிக்கிறது. டச்சுக்காரர்கள் இந்த இடத்தில் கவனமாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் இது ‘ஃபோல்கரென்’, மக்களினங்கள். ‘லாண்டென்’, நாடுகள் என்று அவர்கள் எழுதவில்லை.

இது சொல் நுணுக்கம் பார்ப்பவனின் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்காக ஆம்ஸ்டர்டாம் கதையைச் சொல்கிறேன்.

பிளான்டாஜ மிடன்லான் என்ற தெருவில் ஹாலந்து நாடக அரங்கு ஒன்று இருந்தது. 1942 முதல் நாஜிகள் அதை யூதர்களைக் கூட்டிவைக்கும் இடமாக்கினார்கள். அங்கிருந்து வெஸ்டர்போர்க் முகாம், அங்கிருந்து ரயிலில் ஆஷ்விட்ஸ் அல்லது சோபிபோர் கொலைமுகாம். சின்னக் குழந்தைகளை மட்டும் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் வைத்தார்கள். காப்பகத்தை நடத்தியவர் ஹென்ரியெட்டா பிமென்டெல். அரங்கில், நாஜிகளின் ஆணைப்படி அமைந்த யூதர் மன்றத்தின் சார்பாகப் பதிவேடுகளைக் கவனித்தவர் வால்டர் சூஸ்கிண்ட். காப்பகத்தின் பின்புறத் தோட்டத்தை ஒட்டித்தான் வான் ஹுல்ஸ்டின் பயிற்சிப் பள்ளி. சூஸ்கிண்ட் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவார். பிமென்டெலும் அவருடைய பெண்களும் குழந்தையை வேலிக்கு மேலே கொடுப்பார்கள். வான் ஹுல்ஸ்ட் வாங்கிக்கொள்வார். பையிலும் கூடையிலும் வைத்துக் குழந்தைகள் வெளியே போனார்கள். எதிரே நிற்கும் காவலாளியின் பார்வையை டிராம் வண்டி மறைக்கும் அந்தச் சில நொடிகளில் போனவர்களும் உண்டு. ஏறத்தாழ 600 குழந்தைகள் பிழைத்தார்கள். பிமென்டெல் 1943இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். சூஸ்கிண்ட் 1945இல் இறந்தார். வான் ஹுல்ஸ்ட் 1972இல் இந்தப் பட்டம் பெற்று, 2018இல் 107ஆம் வயதில் காலமானார்.

சரி, மூன்று பேரும் செய்தது ஒரே வேலை. பிமென்டெல் பெயரும் சூஸ்கிண்ட் பெயரும் ஏன் பட்டியலில் இல்லை? அவர்கள் இருவரும் யூதர்கள். பட்டத்தின் பெயரிலேயே ‘பிற இனத்தார்’ என்று இருப்பதால் அது அவர்களுக்குப் பொருந்தாது. ‘நாடுகளிடையே நீதிமான்’ என்று படிக்கும் தமிழ் வாசகருக்கு இது எப்படிப் புரியும்? உயிரையே கொடுத்த இருவரை யாரோ மறந்துவிட்டார்கள், அல்லது தகுதி போதவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று எண்ணிவிடுவார். என்னிடம் வந்த நூலில் மொழிபெயர்ப்பாளரே குழம்பி, ‘சூஸ்கிண்டின் தியாகம் ஏனோ அங்கீகரிக்கப்படவில்லை’ என்று மூலத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்திருந்தார். ஒரு சொல் தவறாகப் போனதால் இறந்தவருக்கே ஓர் அவமானம் வந்து சேர்ந்தது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

அடுத்தது நீதிமான். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நீதிமான் என்பது நமக்கு வேதாகமத் தமிழ் தந்த சொல். ‘நீதிமான் பனையைப்போல் செழித்து’ என்ற சங்கீத வரி பலருக்கு மனப்பாடம். ஆனால் அங்கே எபிரேயத்தில் உள்ள சொல் ட்ஸதீக். நேர்மை வழுவாதவர், சட்டத்தின் முன் குற்றமற்றவர் என்று பொருள். பட்டத்தில் இருப்பது ட்ஸதீக் இல்லை, ஹஸித். ஹெஸெத் என்ற வேர்ச்சொல் தமிழ் வேதாகமத்தில் வேறு விதமாகத்தான் வந்திருக்கிறது. 136ஆம் சங்கீதத்தில் வரிக்கு வரி வரும் சொல் அது. பழைய மொழிபெயர்ப்பு ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்றது. பொது மொழிபெயர்ப்பு ‘என்றும் உள்ளது அவரது பேரன்பு’ என்றது. கிருபை, பேரன்பு. நீதி என்ற பேச்சே இல்லை. நம் முன்னோர் உழைத்துக் கண்டுபிடித்துத் தந்த வேறுபாடு இது. அதை ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் போதும்.

பொருளும் ஒட்டவில்லை. ஆக்கிரமிப்பு நெதர்லாந்தில் சட்டம் யார் பக்கம் இருந்தது? யூதர்களை ஒப்படை என்பதுதான் அன்றைய ஆணை. காப்பாற்றியவர்கள் செய்ததெல்லாம் அந்தச் சட்டத்தின் கண்ணில் குற்றம். பொய் அடையாள அட்டை, திருட்டு ரேஷன் அட்டை, போலீசிடம் கூசாமல் சொன்ன பொய். நியூலாண்டே ஊர் விவசாயி யோஹானஸ் போஸ்ட், ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு போடுவதற்காக ரேஷன் அலுவலகங்களில் கொள்ளையடிக்கவே ஆட்களைத் திரட்டிப் போனார். 1944 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மரியோன் பிரிட்சர்ட் சமூகப் பணி படித்துக்கொண்டிருந்த இளம்பெண். அவர் ஒளித்துவைத்திருந்த குழந்தைகளைத் தேடி நாஜிகளுக்கு வேலை செய்த டச்சு போலீஸ்காரன் திரும்பி வந்தபோது அவனைச் சுட்டுக் கொன்றார். வேறு வழி இல்லை. இவர்களை நீதிமான் என்று அழைத்தால், தராசு பிடித்து நிற்கும் ஓர் உருவம் கண்முன் வருகிறது. ஹஸித் என்ற சொல் கேட்பது, தனக்கு எந்த உறவும் இல்லாத ஒருவனுக்காகக் கரைந்த நெஞ்சை.

இதைச் சொன்னபோது தனித்தமிழ் ஆர்வமுள்ள நண்பர் ஒருவர் ‘பன்னாட்டு அறவோர்’ என்று எழுதச் சொன்னார். நீதி வடசொல், அறம் நம் சொல் என்பது அவர் வாதம். அறவோர் நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘பன்னாட்டு’ வந்ததும் அது ஒரு விமான நிலையத்தின் பெயர் போல ஆகிவிடுகிறது. மேலே சொன்ன குழப்பம் தீர்வதற்குப் பதில் கூடுகிறது. அறவோர் என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அறம் என்று நாம் சொல்வதில் ‘இதைச் செய்’, ‘இதைச் செய்யாதே’ என்ற விதி கலந்திருக்கிறது. துறவியின் சாயலும் இருக்கிறது. ஒரு நள்ளிரவில் கதவு தட்டப்பட, ‘உள்ளே வா’ என்று சொல்லி, சமையலறைக்குப் போய் இன்னொரு தட்டை எடுத்துவைத்த குடும்பத் தலைவியை அறவோர் என்றால் அவர் எங்கோ உயரத்துக்குப் போய்விடுகிறார். தாங்கள் செய்தது பெரிய காரியம் இல்லை என்றுதான் அவர்களில் பலர் சொன்னார்கள். ஆன் ஃபிராங்க் குடும்பத்துக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்த மீப் கீஸ், 2010இல் 100 வயதில் இறக்கும்வரை, தான் வீராங்கனை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வடசொல்லை நீக்கினால் மட்டும் ஒரு சொல் தெளிவாகிவிடாது. தூய்மையைவிடத் தெளிவு எனக்கு முக்கியம். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடத்தில் விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இங்கே இரண்டும் கிடைக்கின்றன. அருள்.

அன்பு வேறு, அருள் வேறு என்று நமக்குத் தெரியும். வள்ளுவர் இரண்டுக்கும் தனித்தனி அதிகாரம் வைத்தார். அருளுடைமைக்குப் பரிமேலழகர் தரும் விளக்கத்தில் இரண்டு சொற்கள் வருகின்றன: ‘தொடர்பு பற்றாது’. உறவு, நட்பு, ஊர், இனம் என்ற எந்தத் தொடர்பையும் பற்றாமல் எல்லா உயிர்மேலும் தானாகச் செல்லும் இரக்கம் அருள். ஹஸிதே உமோத் என்ற தொடருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழை நான் எங்கே போய்த் தேடுவேன்? வடக்கே டிரென்தே மாகாணத்தில் இருக்கிறது அந்த நியூலாண்டே. வீட்டுக்கு ஒருவரையாவது ஒளித்துவைப்பது என்று சேர்ந்து முடிவு செய்த ஊர். அங்கே 117 பேர் பட்டம் பெற்றிருக்கிறார்கள். பெரும்பாலும் பயிர்த்தொழில் செய்த கால்வினியக் கிறிஸ்தவர்கள். வந்தவர்களோ நகரத்து யூதர்கள். பேச்சு, சாப்பாடு, வழிபாடு எல்லாமே வேறு. தொடர்பு பற்றாது.

அருளாளர் என்று சொல்லலாமே என்று கேட்கலாம். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் கத்தோலிக்கத் தமிழில் அருளாளர் என்பது புனிதர் பட்டத்துக்கு முந்திய படிநிலையின் பெயர். நெதர்லாந்திலேயே அதற்கு ஆள் உண்டு. நாஜிகளை எதிர்த்து எழுதி 1942இல் டாக்காவ் முகாமில் இறந்த டைட்டஸ் பிரான்ட்ஸ்மா, 2022இல் புனிதராக அறிவிக்கப்படும்வரை அருளாளர் என்றே அழைக்கப்பட்டார். ஒரே நூலில் இரண்டு பொருளில் ஒரு சொல் வந்தால் வாசகர் தடுமாறுவார். அதனால் ‘அருளுடையார்’. முழுப் பட்டம் ‘பிற இனத்து அருளுடையார்’. ‘பிறகுல’ என்று சுருக்கலாம் என்று ஒருவர் சொன்னார்; குலம் என்றால் நம் ஊரில் சாதி வாடை அடிக்கும், வேண்டாம். ஒருவரைச் சொல்லவும் பலரைச் சொல்லவும் அருளுடையார் பொருந்துகிறது. ‘பட்டத்தை வென்றார்’ என்பதற்குப் பதில் ‘பிற இனத்து அருளுடையாராக ஏற்கப்பட்டார்’ என்று எழுதினால் வாக்கியமும் அடங்கி நிற்கிறது.

அதே நூலில் இன்னொரு சொல்லும் என்னை உறுத்தியது. ஒளிந்து வாழ்ந்தவர்களை டச்சுக்காரர்கள் ‘ஒன்டர்டைக்கர்’ என்பார்கள். ஒன்டர் என்றால் கீழே, டைக்கென் என்றால் மூழ்குதல். தண்ணீருக்கடியில் போவதுபோல ஊர்க் கண்ணிலிருந்து மறைந்துவிட்டவர். நெதர்லாந்தில் இருந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் 25,000க்கும் அதிகமானோர் இப்படி மறைந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்குப் பிடிபட்டார்கள், காட்டிக்கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று பணமும் கிடைத்தது. என்னிடம் வந்த நூலில் இவர்கள் எல்லோரும் ‘தலைமறைவுக் குற்றவாளிகள்’ போல் வருகிறார்கள். ‘தலைமறைவான சிறுமி’, ‘தலைமறைவாக இருந்த மூதாட்டி’. தலைமறைவு நம் போலீஸ் செய்திகளில் புழங்கிப் புழங்கிக் கறைபட்ட சொல். நான்கு வயதுக் குழந்தைமேல் அதை ஒட்டலாமா? பாண்டவர் ஓராண்டு யாரும் அறியாமல் விராடன் ஊரில் வாழ்ந்ததை என்னவென்று சொல்கிறோம்? அஞ்ஞாதவாசம் என்கிறோம். தமிழில் கரந்துறைதல் என்கிறோம். கரந்து, உறைதல். ஒளிந்து, வாழ்தல். டச்சுச் சொல்லில் உள்ள நீர் இதில் இல்லை, உண்மைதான். ஆனால் ஒளிந்ததோடு முடியாமல் அங்கேயே இரண்டு வருடம், மூன்று வருடம் வாழவும் வேண்டியிருந்தது என்ற பாதி இதில் இருக்கிறது. ‘கரந்துறைந்த சிறுமி’ கொஞ்சம் கடினமாகத் தோன்றினால் ‘ஒளிந்து வாழ்ந்த சிறுமி’ என்றே எழுதலாம். அப்புறம், ‘நீரடி மூழ்கியோர்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதைப் படிப்பவர் படகு கவிழ்ந்ததாக நினைத்துக்கொள்வார்.

நூலைத் திருத்தி அனுப்பிவிட்டேன். ‘ஏனோ அங்கீகரிக்கப்படவில்லை’ என்ற வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் இப்படி எழுதினேன்: ‘சூஸ்கிண்டும் பிமென்டெலும் யூதர்கள். தம் மக்களைக் காத்தவர்கள். பிற இனத்து அருளுடையார் என்ற பட்டம் அவர்களுக்கு உரியது அன்று. அவர்கள் பெயரை வான் ஹுல்ஸ்டின் பெயருக்கு முன்னால் போடவும்.’