நுண்ணாடு: மைக்ரோநேஷன் என்ற சொல்லும் அதை வீட்டில் அமைக்கும் முறையும்

நுண்ணாடு – பெயர்ச்சொல். தன்னைத் தானே தனிநாடாக அறிவித்துக்கொண்டு, கொடி, அரசமைப்பு, அஞ்சல்தலை, நாணயம் என நாட்டுக்குரிய அடையாளங்களை உருவாக்கி வைத்திருக்கும், ஆனால் உலக நாடுகள் எதுவும் அங்கீகரிக்காத அமைப்பு. ஆங்கிலத்தில் மைக்ரோநேஷன்.

இந்த விளக்கத்தில் பரப்பளவைப் பற்றிப் பேச்சே இல்லை. வேண்டுமென்றே விட்டதுதான், ஏனென்றால் தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்குவது அங்கேதான். இங்கிலாந்தின் சஃபோக் கரைக்கு அப்பால், கடலுக்குள் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் சீலாந்தை 'உலகின் மிகச் சிறிய நாடு' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பெயர் வத்திக்கானுக்கு உரியது. வத்திக்கான், மொனாக்கோ, சான் மரீனோ, நவூரு போன்றவை மைக்ரோஸ்டேட் வகை. நிலம் சிறிது, ஆனால் பிற நாடுகள் தூதரை அனுப்புகின்றன, கடவுச்சீட்டு செல்லும். சீலாந்துக்கு இவை எதுவும் இல்லை. மறுபுறம் வெஸ்டார்க்டிகாவைப் பாருங்கள். அமெரிக்கர் ஒருவர் 2001-இல் அறிவித்த நுண்ணாடு அது. எந்த நாடும் உரிமை கோராத அண்டார்க்டிகப் பகுதியான மேரி பேர்ட் நிலத்தைத் தனது என்கிறது. பரப்பு சுமார் 16 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ 12 மடங்கு. ஆக, ஒன்றை நுண்ணாடு ஆக்குவது அதன் சிறுமை அல்ல. தானே அறிவித்துக்கொண்டது, பிறர் ஏற்காதது என்ற இரண்டும்தான்.

சொல்லின் வேருக்கு வருவோம். 'மிக்ரோஸ்' என்பது கிரேக்கத்தில் சிறியது. 'நேஷன்' இலத்தீன் 'நாத்தியோ'விலிருந்து வந்தது. அதன் அடி பிறத்தலைக் குறிக்கும் வினை. அதாவது நேஷன் முதலில் நிலத்தின் பெயரே அல்ல, ஒரே வழியில் பிறந்த மக்கள் கூட்டத்தின் பெயர். நிலமே இல்லாத நுண்ணாடுகள் ஏராளமாக இருப்பதற்கு இந்த வேர் நன்றாகவே பொருந்துகிறது. இரண்டும் சேர்ந்த கூட்டுச்சொல் இந்தப் பொருளில் அச்சில் தென்படுவது 1970-களின் இறுதியில். 1978-இல் வெளிவந்த அமெரிக்கப் பொது அறிவுத் தொகுப்பு ஒன்று சீலாந்தை அப்படிக் குறிப்பிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பர் 26 அன்று, மில்வாக்கி நகரில் ராபர்ட் பென் மேடிசன் என்ற 14 வயதுச் சிறுவர் தம் படுக்கையறையைத் தலோஸா என்ற முடியரசாக அறிவித்தார். தலோஸா ஃபின்னிய மொழிச் சொல். 'வீட்டுக்குள்' என்று பொருள். அந்த அறை நாட்டுக்கு அவர் தனி மொழியும் உருவாக்கினார். வீட்டில் நாடு தொடங்கும் விளையாட்டுக்கு இன்றும் பலர் முன்மாதிரியாகக் கொள்வது தலோஸாவைத்தான்.

தமிழில் குட்டி நாடு, சிற்றரசு, குறுநாடு, நுண்நாடு என்று பலவிதமாக எழுதப்படுகிறது. சிற்றரசு வேண்டாம். சிற்றரசர் என்றால் பேரரசருக்குத் திறை கட்டியவர், அவரது ஆட்சியை எல்லோரும் ஏற்றிருந்தார்கள். குறுநாடு நல்ல சொல், ஆனால் 'குறு' அளவை மட்டுமே சொல்கிறது. ஆகவே அது மைக்ரோஸ்டேட்டுக்கு இருக்கட்டும். 'நுண்' அப்படியல்ல. நுண்கலை, நுண்பொருள், நுண்ணறிவு என்னும்போது நாம் அளவைச் சொல்வதில்லை. எளிதில் கண்ணுக்கோ கைக்கோ அகப்படாததை, நயமாகச் செய்யப்பட்டதைச் சொல்கிறோம். தாளிலும் கொடியிலும் கற்பனையிலும் மட்டுமே வாழும் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அடை கிடைக்காது.

'நாடு' என்ற பகுதியும் கனகச்சிதம். சோழர் காலத்தில் சில ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவே நாடு. பல நாடுகள் சேர்ந்தது வளநாடு, அதற்கு மேலே மண்டலம். செட்டிநாடு, நாஞ்சில்நாடு என்று இன்றும் சொல்கிறோம். இறையாண்மை இருந்தால்தான் நாடு என்ற கட்டாயம் தமிழில் இருந்ததில்லை.

எழுத்தையும் சரியாகப் போடுவோம். தண் + நீர் தண்ணீர் ஆவதுபோல, நுண் + நோக்கி நுண்ணோக்கி ஆவதுபோல, நுண் + நாடு நுண்ணாடு ஆகும். 'நுண்நாடு' என்று பிரித்து வைப்பது புணர்ச்சி விதிக்கு ஒவ்வாது.

அங்கீகாரம் என்றால் என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1933-இல் உருகுவேயின் தலைநகரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் செய்துகொண்ட மான்டிவிடியோ ஒப்பந்தம் நாட்டுக்கு நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைக்கும் திறன். அதே ஒப்பந்தம், ஒரு நாட்டின் அரசியல் இருப்புக்குப் பிறர் அங்கீகாரம் தேவையில்லை என்றும் கூறுகிறது. நுண்ணாட்டினர் விரும்பிச் சுட்டும் வரி இதுதான். நடைமுறையில் அது கைகொடுப்பதில்லை. சீலாந்து நிற்பது இரண்டாம் உலகப் போர்க்காலக் கடற்கோட்டை ஒன்றின் மேல். பேடி ராய் பேட்ஸ் 1967 செப்டம்பர் 2 அன்று அதைத் தனிநாடாக அறிவித்தார். மறு ஆண்டு அங்கே நடந்த துப்பாக்கிச் சூடு வழக்கில், கோபுரம் மூன்று கடல்மைல் எல்லைக்கு வெளியே இருப்பதால் தனக்கு அதிகாரமில்லை என்று இங்கிலாந்து நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 1987-இல் பிரிட்டன் தன் கடல் எல்லையை 12 கடல்மைலாக நீட்டியதும் கோபுரம் அதற்குள் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் கோதுமை ஒதுக்கீட்டுச் சண்டையால் லியோனார்ட் காஸ்லி 1970-இல் அறிவித்த ஹட் ரிவர், 75 சதுர கிலோமீட்டர் பண்ணை. அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்து, கடைசியில் வரிப் பாக்கி நெருக்க, 2020-இல் கலைந்தது.

எனவே வீட்டில் தொடங்குகிறவர்கள் சட்டத்தோடு மல்லுக்கட்டும் பாதையை விட்டுவிட்டு, நெவாடா மாநிலத்தின் மொலோசியா வழியைப் பிடிப்பதே நல்லது. அதன் அதிபர் கெவின் பா தம் நிலத்துக்கான வரியைக் கட்டிவிடுகிறார், அதை 'வெளிநாட்டு உதவி' என்கிறார். வலோரா என்ற அவர்களது நாணயத்தின் மதிப்பு கடையில் விற்கும் பிஸ்கட் மாவோடு பிணைக்கப்பட்டது. விளையாட்டு முதல் பார்வையிலேயே தெரிகிறது, யாருக்கும் நட்டமில்லை.

தொடக்கம் ஒரு பக்க அறிவிப்பு. பெயர், தேதி, எல்லை, ஆட்சிமுறை, முதல் பொறுப்பாளர் ஆகிய ஐந்தும் போதும். எல்லையாக உங்கள் சொந்த அறை, மொட்டைமாடி, தோட்டத்து மூலை என்று எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது. 'பிரிந்துவிட்டோம்' என்ற சொல்லை அறிவிப்பில் எழுதாதீர்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் அது விளையாட்டுச் சொல் அல்ல. இலங்கையில் 1983-இன் ஆறாம் திருத்தம் தனிநாடு கோருவதையே தடை செய்கிறது. 'பொழுதுபோக்காக அமைத்த கற்பனை நாடு' என்று முதல் வரியிலேயே இருக்கட்டும்.

அரசமைப்பு ஒரு ஏ4 தாளுக்குள், பத்து விதிகளுக்குள் அடங்க வேண்டும். லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில் கலைஞர்கள் 1997 ஏப்ரல் 1 அன்று அறிவித்த உஜுப்பிஸ் குடியரசு 41 விதிகள் வைத்திருக்கிறது. நாய்க்கு நாயாக இருக்க உரிமை உண்டு என்பது அவற்றில் ஒன்று. அவை படித்து மகிழ்வதற்கானவை. நீங்கள் வாக்கெடுப்பு நடத்தப் போகிறீர்கள் என்றால் சில விதிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். பெரும்பாலான நுண்ணாடுகள் முடங்குவது திருத்த விதியில்தான். 'குடிமக்களில் மூன்றில் இரண்டு பங்கு' என்று எழுதிவிடுவார்கள். ஆறு மாதத்தில் பாதிப் பேர் பதில் போடுவதை நிறுத்திவிடுவார்கள், பிறகு எதையும் மாற்ற முடியாது. '14 நாளுக்குள் வாக்களித்தவர்களில் பெரும்பான்மை' என்று எழுதினால் இந்தச் சிக்கல் வராது. ஓராண்டு பேச்சு மூச்சு இல்லாதவரை ஓய்வுப் பட்டியலுக்கு மாற்ற ஒரு விதி, தலைவர் பதவிக்கு ஆறு மாதக் கெடு, கலைப்பு நடந்தால் பொருள்கள் யாருக்கு என்று ஒரு விதி, இவையும் வேண்டும். தலோஸாவே மன்னரோடு ஏற்பட்ட பிணக்கால் 2004-இல் முடியரசு, குடியரசு என்று உடைந்து 2012-இல்தான் ஒன்று சேர்ந்தது.

கொடிக்கு 60 × 90 செ.மீ. நல்ல அளவு. இரண்டு மூன்று நிறம், எழுத்து வேண்டாம். பத்தடி தள்ளி நின்றால் எழுத்து தெரியாது. அரசுச் சின்னங்களை ஒத்த எதையும் வைக்காதீர்கள். மூன்று கிடைப்பட்டை என்றால் ஒவ்வொன்றையும் 23 செ.மீ. அகலம், 98 செ.மீ. நீளம் வெட்டுங்கள். ஒவ்வொரு பட்டையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் தையலுக்கு 1.5 செ.மீ. விட்டால் உயரம் சரியாக 60 வரும். நீளத்தில் கம்பப் பக்கம் 5 செ.மீ. உறைக்கு, பறக்கும் பக்கம் 3 செ.மீ. மடிப்புக்கு. முதலில் கிழிவது பறக்கும் பக்கம்தான், ஆகவே அங்கே இரட்டைத் தையல் போடுங்கள்.

அஞ்சல்தலைதான் இந்த வேலையில் மிகவும் சுவையான பகுதி. 30 × 40 மி.மீ. அளவில் வடிவமைத்தால் ஒரு ஏ4 தாளில் ஆறுக்கு ஆறு, 36 தலைகள் நிற்கும். 100 ஜி.எஸ்.எம். கனமுள்ள தாள் எடுங்கள், 80 எளிதில் கிழியும். லேசர் பிரின்டில் அச்சிட வேண்டும். இங்க்ஜெட் மை கோந்தின் ஈரத்தில் பரவிவிடும். அச்சான பின் முதுகில் நீர்த்த வேலம்பிசின் கோந்தை மெல்லியதாகத் தடவி நிழலில் உலர்த்துங்கள். தாள் சுருளும்; ஒரு இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தால் நிமிர்ந்துவிடும். துளையிட நூல் கோக்காத தையல் மெஷின் போதும். 14-ஆம் எண் ஊசி, தையல் நீளம் 2 மி.மீ. அப்படி ஓட்டினால் 2 செ.மீ.க்குப் பத்துத் துளை விழும். அஞ்சல்தலைச் சேகரிப்பாளர்கள் துளையை அளப்பதும் இந்த 2 செ.மீ. கணக்கில்தான், ஆகவே உங்கள் தலை '10 துளை' வகை. நீளத்தை 1 மி.மீ. ஆக்கினால் தாள் துளையாகாது, வெட்டுப்பட்டு உதிரும். அச்சுப் பக்கம் மேலே இருக்க ஓட்டினால் பிசிறு பின்னால் போய்விடும். கோந்து ஒட்டிய ஊசி துணியைப் பாழாக்கும், வேலை முடிந்ததும் எறிந்துவிடுங்கள். உறையில் ஒட்டும்போது வலது மேல் மூலை உண்மையான அஞ்சல்தலைக்கே உரியது. உங்களுடையது உறையின் பின்பக்கம்.

கடவுச்சீட்டு மட்டும் வேண்டாம். சீலாந்து 1997-இல், போலிகள் பெருகியதால், தான் கொடுத்தவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் ரத்து செய்தது. விருந்தினருக்கு முத்திரை குத்த ஆசையென்றால் தனி அட்டையில் குத்துங்கள். அவர்களது உண்மையான கடவுச்சீட்டில் குத்தினால் விமான நிலையத்தில் அது செல்லாது என்று சொல்லப்படலாம். குடியுரிமைப் படிவத்திலும் 'வசிக்கவோ வேலை செய்யவோ உரிமை தராது' என்ற வரி பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஸ்வீடன் கடற்கரைச் சிற்பங்களைச் சுற்றி லார்ஸ் வில்க்ஸ் 1996-இல் அறிவித்த லடோனியாவுக்கு, 2002 வாக்கில் பாகிஸ்தானிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். அங்கே போய்க் குடியேறலாம் என்று நம்பியவர்கள் அவர்கள். நித்தியானந்தா அறிவித்த கைலாசாவோடு 2023 ஜனவரியில் சகோதர நகர ஒப்பந்தம் போட்ட அமெரிக்காவின் நியூவார்க் நகராட்சி, விவரம் தெரிந்ததும் அதை ரத்து செய்தது. கற்பனை என்று சொல்லாமல் மறைத்தால் ஏமாறுகிறவர் எப்போதும் வெளியாள்தான்.

வழக்கில் எழுதும்போது: நுண்ணாட்டு அஞ்சல்தலை, நுண்ணாட்டுக் கொடி, நுண்ணாட்டவர். மைக்ரோநேஷனலிசத்தை 'நுண்தேசியம்' என்று பெயர்க்க வேண்டாம், தேசியம் வேறு அரசியலைக் கொண்டுவந்துவிடும். 'நுண்ணாட்டு ஆர்வம்' போதும். முதன்முறை வாசிக்கிறவருக்காக எழுதினால் 'தானே அறிவித்துக்கொண்ட நாடான' என்ற அடையை ஒருமுறை சேர்த்துக்கொள்ளுங்கள்: 'தானே அறிவித்துக்கொண்ட நாடான சீலாந்து'.